2011இல் அமெரிக்கா கடன் தவணை தவறவில்லை

“2011இல் அமெரிக்கா கடனைக் கட்டவில்லை, அதனால் அதன் தரம் இறங்கியது, புதுச் செலவுக்காகக் கடன் வரம்பை உயர்த்தினார்கள்” என்று சிவப்பு எழுத்தில் ஒரு வாட்ஸ்அப் படம் சுற்றுகிறது. கடனைக் கட்டவில்லை என்பது, புதுச் செலவுக்காக என்பது, இரண்டுமே தவறு. (கடன் வரம்பு என்பது அரசு மொத்தம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்று சட்டம் வைத்திருக்கும் உச்ச எல்லை.)

அந்த ஆண்டு ஒபாமாவுக்கும் குடியரசுக் கட்சி கையிலிருந்த பிரதிநிதிகள் சபைக்கும் வரம்பை உயர்த்துவதோடு செலவை எவ்வளவு குறைப்பது என்பதில் கடும் இழுபறி. அது உண்மைதான். ஆனால் வரம்பை உயர்த்தக் கருவூலம் சொன்ன கெடு நாளான ஆகஸ்ட் 2 அன்றே அதற்கான சட்டம் கையெழுத்தானது. கட்ட வேண்டிய பணம் கட்டப்பட்டது. கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்குத் தரம் போடும் எஸ் அண்ட் பி நிறுவனம் அமெரிக்காவின் தரத்தை உச்சமான ஏஏஏ-விலிருந்து ஒரு படி கீழே ஏஏ பிளஸுக்கு இறக்கியது அதற்கு மூன்று நாள் கழித்து. அது குறை சொன்னது அரசியல் இழுபறியையும் ஏறும் கடனையும். இழுபறி சும்மாவும் போகவில்லை: கடன் வாங்கும் செலவு அந்த நிதியாண்டில் சுமார் 130 கோடி டாலர் கூடியதாக அரசின் தணிக்கை அலுவலகமே கணக்கிட்டது.

அப்புறம், வரம்பை உயர்த்துவது புதுச் செலவுக்கு அனுமதி இல்லை. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஓய்வூதியம், ராணுவச் சம்பளம், வட்டி ஆகியவற்றைக் கொடுப்பதற்குத்தான். மளிகைக் கடை நோட்டில் ஏறிவிட்ட பாக்கியைத் தீர்ப்பது மாதிரி. அமெரிக்கக் கருவூலத் துறை இணையதளத்தின் கடன் வரம்புப் பக்கத்தில் இதைப் பார்க்கலாம்.

அந்தப் படம் வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.