ஓர் எண்ணைக் கேட்டதற்கு இவ்வளவா?

அந்த நாற்பது வினாடிக் காணொளியை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு அல்சூரில் ஒரு போர்வீரரின் நினைவுக்குறிப்பைப் பற்றி நடந்த வாசிப்புக் கூட்டத்தில் நான் எழுந்து, "தாக்கியவர்கள் உண்மையில் எத்தனை பேர்?" என்று கேட்பதும், முன்வரிசை இளைஞர் ஒருவர், "உங்கள் வீட்டில் யாராவது சீருடை போட்டிருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்" என்று சொல்வதும், உடனே கைதட்டல் எழுவதும் அதில் இருக்கின்றன. நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பது மட்டும் இல்லை. மூன்று நாள்களாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். ‘வீரனின் இரத்தத்துக்குக் கணக்குக் கேட்கும் அறிவுஜீவி’ என்று இன்று காலை ஒருவர் எழுதியதைப் படித்தபின் முடியவில்லை.

2005 ஜூன் 28 அன்று ஆப்கானிஸ்தானின் குனார் மலைகளில் அமெரிக்கக் கடற்படையின் ‘சீல்’ என்னும் சிறப்புப் படை வீரர்கள் நால்வர் தாக்குதலுக்கு உள்ளாகினர். மூவர் இறந்தனர். அவர்களை மீட்கச் சென்ற சினூக் ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டதில் அதிலிருந்த 16 பேரும் இறந்தனர். உயிர் பிழைத்த ஒருவர், நாவலாசிரியர் ஒருவரின் துணையோடு எழுதி 2007-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பைப் பற்றித்தான் அன்று பேசிக்கொண்டிருந்தோம். தாக்கியவர்களின் எண்ணிக்கை அந்த நூலில் நூற்றைத் தாண்டுகிறது. அணித்தலைவர் மைக்கேல் மர்ஃபிக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்ட, அமெரிக்காவின் மிக உயரிய படைவிருதான ‘மெடல் ஆஃப் ஹானர்’ விருதின் பாராட்டுரை 30 முதல் 40 என்கிறது. பின்னாளில் ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவரோ 8 முதல் 10 பேர்தான் என்கிறார். ஒரே மலை, ஒரே பகல், மூன்று கணக்குகள். இவற்றில் எதை நம்புவது என்று கேட்டேன். கேட்பது அவமதிப்பு அன்று.

அந்த வீரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. காணொளியை வெட்டியவராலும்கூட அப்படி ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மேட்டிலிருந்து சுடப்படுகிற, அடிபட்டு உருண்டு கீழே விழுகிற, தோழர்கள் கண்முன் சாகிற ஒருவரால் தலைகளை எண்ண முடியாது. பள்ளத்தாக்கில் ஒரு துப்பாக்கியின் ஓசையே எதிரொலித்துப் பல துப்பாக்கிகளாகக் கேட்கும். அவர் சொன்னது அவர் உணர்ந்த எண். அதில் அவருக்கு எந்தக் குற்றமும் இல்லை. அதை அச்சில் படித்துவிட்டு நாம் வரலாறு என்று கைதட்டுவதில்தான் குற்றம் இருக்கிறது. அவரைத் தன் வீட்டில் மறைத்துவைத்துக் காப்பாற்றிய பஷ்தூன் கிராமத்தவர் முகமது குலாபும் பின்னாளில் தம் தரப்பைச் சொன்னார்; அது நூலோடு எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை. குலாபைத் துரோகி என்று அழைக்க நம் கூட்டத்தில் யாரும் முன்வரவில்லை, அவர் பெயரே பலருக்கு நினைவில் இல்லாததால்.

"இராணுவம் சரிபார்த்துத்தானே இப்படிப்பட்ட நூல்களை வெளியிட விடுகிறது?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சரிபார்க்கிறது, இரகசியம் வெளிவந்துவிடக் கூடாதே என்று. பின்லேடனைக் கொன்ற நடவடிக்கையில் பங்கேற்ற ஒருவர் முன் அனுமதி பெறாமல் நூல் எழுதியதற்காக, 2016-இல் 66 இலட்சம் டாலருக்கும் மேல் அரசிடம் ஒப்படைக்க ஒத்துக்கொண்டார். அது உண்மை பேசாததற்கான தண்டனை அன்று.

"குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு" என்று தொடங்கும் பின்னூட்டங்களுக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை. அவையும் அதே மாதிரி அறைகளில் உட்கார்ந்து எழுதப்பட்டவைதாம்.

இன்னொன்றும் கேட்கிறார்கள்: எங்கோ இருக்கும் அமெரிக்கர்களின் கதையில் உனக்கென்ன வந்தது? வந்திருக்கிறது. 1987 அக்டோபர் 11 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையைச் சேர்ந்த நம் பத்தாவது பாரா கமாண்டோக்களும், 13-ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரும் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்டனர். செய்தி முன்பே கசிந்து, விடுதலைப் புலிகள் காத்திருந்தனர். அந்த 30 பேரில் 29 பேர் மாண்டனர், ஒருவர் பிடிபட்டார். அந்த 29 பேரின் நினைவுக்குறிப்பை எந்தக் கடையில் வாங்குவது? நூல் எழுத ஒருவர் உயிரோடு திரும்பியிருக்க வேண்டும், திரும்பியவருக்குப் பேச மனம் வர வேண்டும், பேசினால் கேட்க ஆள் வேண்டும். அதே மாதம் 21-ஆம் தேதி, தீபாவளியன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் எந்தக் கமாண்டோவின் நூலில் எத்தனையாவது பக்கத்தில் வருவார்கள்? இதைக் கேட்டாலும் சீருடையை அவமதித்ததாகிவிடுமா?

சீருடை. அன்று அந்த இளைஞருக்கு நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். பதில் இல்லாததால் அன்று. என் அப்பாவின் டிரங்குப் பெட்டியை அடையாள அட்டையாகக் காட்டித்தான் கேள்வி கேட்கும் உரிமையைப் பெற வேண்டுமா என்ற ஆத்திரத்தால். இப்போது சொல்லிவிடுகிறேன். கூட்டம் நடந்த மண்டபத்திலிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் அல்சூர் ஏரிக்கரை, அதையொட்டி மெட்ராஸ் சாப்பர்களின் மையம். இராணுவத்தில் ‘தம்பி’ என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தப் பொறியியல் படையில் என் அப்பா ஹவில்தாராக இருந்தவர். யாழ்ப்பாணத்தில் கண்ணிவெடி அகற்றப் போனவரைத் தமிழ் தெரிந்தவர் என்பதற்காக ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து, வீடுகளை விட்டு வெளியே வரும்படி சனங்களிடம் சொல்லச் சொன்னார்களாம். ஒரு கிழவர் வாசலில் நின்று, "அப்பிடிச் சொல்லக் கூடாது தம்பி, வெளிக்கிடுங்கோ எண்டு சொல்ல வேணும்" என்று திருத்தினாராம்.

எங்கள் பூர்வீகம் வேலூர்ப் பக்கம். அங்கே யாரும் அந்தச் சொல்லைப் பேசுவதில்லை. அப்பா மட்டும் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ கிளம்பும்போதெல்லாம் "வெளிக்கிடலாமா?" என்பார். சின்ன வயதில் அதைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். எங்கிருந்து வந்த சொல் என்று எனக்கு முப்பது வயதானபின் ஒருமுறை கேட்டபோதுதான் அந்தக் கிழவரைப் பற்றிச் சொன்னார். அவர் வெளிக்கிட்டாரா, எங்கே போனார் என்று கேட்டேன். அப்பா எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசிப் பிரிவு திரும்பியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. அதற்கு அவருக்கு ஒரு நியாயம் இருந்தது: அந்தப் படை தமிழர்களைக் கொன்றிருந்தது. அந்த நியாயம் எனக்கும் புரிகிறது. அப்பாவுக்கும் புரிந்திருக்கும் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

ஆகவே சீருடை போட்டவர் வீட்டிலிருந்துதான் கேட்கிறேன். போடாதவர் வீட்டிலிருந்து கேட்டிருந்தாலும் அது அதே கேள்விதான். கேட்பது அவமதிப்பு அன்று.

காணொளியை வெட்டியவருக்கு ஒரு வேண்டுகோள். மீதியையும் ஏற்றுங்கள். கேள்வியைக் கேட்பதற்கு முன் மர்ஃபி, டீட்ஸ், ஆக்ஸல்சன் என்று இறந்த மூவரின் பெயர்களையும் நான் எழுந்து நின்று வாசித்ததும், அப்போது அரங்கில் பாதிப் பேர் தேநீர் வாங்கப் போயிருந்ததும் அதில் பதிவாகியிருக்கும்.