நியெங்கட்டு செத்த மொழி இல்லை

“துப்பி மொழி எப்போதோ செத்துவிட்டது, 2023இல் பிரேசில் அரசியல் சட்டத்தை அதில் மொழிபெயர்த்தது வெறும் சடங்கு” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் இரண்டு மொழிகளைப் போட்டுக் குழப்பிக்கொண்டார்.

பிரேசில் கடற்கரையில் பழங்குடிகள் பேசிய பழைய துப்பி இன்று யாருக்கும் தாய்மொழி இல்லை, அது சரி. ஆனால் அந்த மொழிபெயர்ப்பு வந்தது நியெங்கட்டுவில். அது பழைய துப்பியின் வழியில் வந்த மொழிதான், அமேசான் பகுதியின் ரியோ நீக்ரோ ஆற்றங்கரையில் அதை இன்றும் சில ஆயிரம் பேர் பேசுகிறார்கள். மீனுக்கு ‘பிரா’, தோணிக்கு ‘இகாரா’ என்பார்கள். நமக்குத் தெரிந்த பிரானா மீனின் பெயரில் இருப்பதும் இந்த ‘பிரா’தான். அங்கிருக்கும் சாவ் காப்ரியேல் த கசொய்ரா நகராட்சியில் 2002 முதல் துக்கானோ, பனிவா என்ற பழங்குடி மொழிகளோடு இதுவும் ஆட்சிமொழி.

இன்னொன்று: இதைப் பேசும் பாரே பழங்குடி மக்களின் முன்னோர் மொழி துப்பிக் குடும்பமே இல்லை, அரவாக் என்ற வேறொரு குடும்பம். மிஷனரிகளும் வணிகர்களும் பரப்பிய, துப்பியிலிருந்து வந்த பொதுமொழி, அதாவது இன்றைய நியெங்கட்டுவின் முன்வடிவம், அதன் இடத்தைப் பிடித்தது. அந்தப் பொதுமொழியையே 1750களில் போர்த்துக்கீசிய அரசு தடை செய்தது வேறு கதை. ஆக, விழுங்கிய மொழியும் இதுதான், விழுங்கப்படுகிற மொழியும் இதுதான்!

அதற்காக எல்லாம் சுகம் என்று சொல்லவில்லை. நகரத்துக்கு வந்த குடும்பங்களில் பாட்டி நியெங்கட்டுவில் கேட்டால் பேரன் போர்த்துக்கீசியத்தில் பதில் சொல்வது சகஜம். அதை ஆபத்து என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். சாவு என்று சொல்லாதீர்கள்.