டிஎன்ஏ பொருந்தவில்லை என்றால் உறவே இல்லையா?

டிஎன்ஏ பரிசோதனையில் இருவர் பொருந்தவில்லை என்றால் அவர்கள் உறவினர்களே அல்ல என்று ஒரு கருத்து வந்து, பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். நெருங்கிய உறவுக்கு அது சரி. தாத்தா பாட்டி பொதுவாக உள்ள இருவர் கட்டாயம் பொருந்துவார்கள். கொள்ளுத் தாத்தா பாட்டி பொது என்றாலும் ஏறக்குறைய எப்போதும் பொருந்தும்.

அதற்கும் ஒரு தலைமுறை மேலே போனால் நிலைமை மாறுகிறது. இரண்டு பேருக்குக் கொள்ளுத் தாத்தாவின் அப்பா அம்மா பொது என்று வைத்துக்கொள்வோம். பகிரும் டிஎன்ஏ சராசரியாக 0.78 சதவீதம்தான். சராசரிதான் அது, உத்தரவாதம் இல்லை. டிஎன்ஏ ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிய பெரிய துண்டுகளாகவே இறங்குகிறது. எந்தத் துண்டு யாருக்கு என்பது தற்செயல். அதனால் இப்படிப்பட்ட உறவினர்களில் சுமார் பத்தில் ஒரு ஜோடிக்குப் பரிசோதனை எதையும் காட்டாது. அடுத்த தலைமுறையில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். பெற்றோரில் ஒருவரும் பிள்ளையும் ஒரே நிறுவனத்தில் பரிசோதனை செய்திருந்தால், டிஎன்ஏ பொருந்தும் உறவினர்கள் என்று அந்த நிறுவனம் இருவருக்கும் தரும் பட்டியல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். பெற்றோருக்குப் பொருந்தும் தூரத்து உறவினர் பலர் பிள்ளையின் பட்டியலில் இருக்கமாட்டார்கள். உடன்பிறந்தவர்களின் பட்டியல்களிலும் இதே வித்தியாசம் தெரியும்.

தூரத்துச் சொந்தம் ஒருவர் பொருந்தவில்லை என்றால், யாரையும் குடும்ப மரத்திலிருந்து நீக்கிவிடாதீர்கள். முதலில் இரு பக்கமும் மூத்த தலைமுறையில் இருப்பவர்களைப் பரிசோதித்துப் பாருங்கள்.