வயசானால் மனச்சோர்வு இயல்பா?

அறுபதைத் தாண்டினால் மனம் சோர்வது இயற்கை, வைத்தியம் தேவையில்லை என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. அது சரியில்லைங்க. கவலை வந்து போகும். இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; முதியவர்களுக்கும் சிகிச்சை பலன் தரும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பாட்டி, ரப்பர் பால்மரம் வெட்டிய கை, வாசல் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுவதையே விட்டுவிட்டார். வயசாச்சு என்றே நாங்களும் இருந்துவிட்டோம். கிளினிக்கில் காட்டிச் சில மாதம் கழித்துத்தான் மறுபடி வாளியைத் தூக்கினார்.

சந்தேகமிருந்தால் அமெரிக்கத் தேசிய முதுமை ஆய்வுக் கழகத்தின் இணையப் பக்கத்தில் மனச்சோர்வு பற்றிய பகுதியைப் படியுங்கள். முதுமையின் இயல்பான அங்கம் அல்ல என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். இல்லையென்றால் அரசாங்க கிளினிக் டாக்டரிடமே கேளுங்கள். மலேசிய சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.