நெல் வேஷத்தில் ஒரு புல்

போன வாரம் மேலூர் பக்கம் எங்கள் வயலில் களையெடுப்பு. நட்டு 25 நாள். வரப்பில் சும்மா நிற்கப் பிடிக்காமல் நானும் இறங்கினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, பெரியம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, நெல்லைப் பிடுங்கிக்கிட்டு நிக்கிற" என்றார். வயலே சிரித்தது.

அப்புறம் காட்டிக் கொடுத்தார். இலையும் தண்டும் சேரும் கழுத்தை விரித்துப் பார்க்க வேண்டும். நெல்லுக்கு அங்கே வெள்ளையாக, சின்ன நாக்கு மாதிரி ஒரு சவ்வு. இரண்டு பக்கமும் மயிர் முளைத்த காது. நெல்லோடு நெல்லாக நிற்கும் களையான குதிரைவாலிப் புல்லுக்கு அது இரண்டுமே கிடையாது, மொழுமொழுவென்று இருக்கிறது. எனக்கு விரித்துப் பார்த்தால்தான் தெரிகிறது. பெரியம்மாவுக்குக் கை தானாகப் போகிறது.

இந்தப் புல் ஏன் இவ்வளவு நெல் மாதிரி இருக்கிறது? நாம் செய்த வேலைதான். தலைமுறை தலைமுறையாக வித்தியாசமாகத் தெரிந்ததை எல்லாம் பிடுங்கிப் போட்டோம். நெல் ஜாடையில் இருந்தது தப்பித்து விதை கொட்டியது. ரஷ்ய விஞ்ஞானி வவிலோவ் பெயரிலேயே இந்த வேஷத்தைச் சொல்கிறார்கள்.

எதையே திரும்பத் திரும்பச் செய்தாலும் அதற்குத் தப்பியதுதான் பெருகும். அதனால்தான் "நல்ல களைக்கொல்லியா ஒண்ணு சொல்லுண்ணே" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று வருகிறது. நானும் அடிக்கிறவன்தான், மறைக்கவில்லை. நட்ட மூன்றாம் நாள் பிரிட்டிலாகுளோர் என்ற களைக்கொல்லியை மணலில் கலந்து, தண்ணீரைச் சிலுசிலுவென்று நிறுத்தி வீசுகிறோம். ஆள் கூலிக்கு வேறு வழி? ஆனால் அது பிடிப்பது முளைக்கிற விதையை. மண்ணுக்குள் தண்டு ஓட்டி வளரும் ஆரைக்கீரைக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. வருஷா வருஷம் அதையே வீசினோம். புல் குறைந்தது, ஆரை பாய் விரித்துவிட்டது. மல்லிகைத் தோட்டத்துக் கோரையும் இதே கதைதான். ரொட்டவேட்டர் விட்டு உழுதால் சங்கிலி சங்கிலியாகக் கிடந்த கிழங்கைத் துண்டு துண்டாக்கித் தோட்டம் முழுக்க நாமே நட்டுக் கொடுத்த மாதிரி.

தண்ணீர் பெரிய களைக்கொல்லி. இரண்டு அங்குலம் விடாமல் நின்றால் புல் பாதி முளைக்காது. ஆனால் பெரியாறு கால்வாயில் முறை வைத்து விடும்போது நாம் நினைத்த நேரத்துக்கா தண்ணீர் வருகிறது? வயல் காய்ந்து வெடித்தால் குதிரைவாலிக்குக் கொண்டாட்டம்.

இன்னொரு கோபமும் உண்டு. அறுவடை மெஷின் ஊர் ஊராகச் சுற்றி வருகிறது. எந்த ஊர் விதையெல்லாம் அதன் வயிற்றில் இருக்கிறதோ. போன அறுப்பில் டிரைவரிடம், "தம்பி, உள்ள இருக்கறத ஒருதரம் தட்டிக் கூட்டிட்டு இறங்குப்பா" என்றேன். "அண்ணே, அடுத்த வயல்ல ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க" என்று அப்படியே இறக்கிவிட்டார். சரி, நானும் அதற்கு மேல் பேசவில்லை.

இந்த வருஷம் மெஷின் இறங்கிய அந்த மூலையில்தான் புல் அடர்த்தி. பெரியம்மாவும் கூட வந்தவர்களும் மத்தியானம் வரைக்கும் அந்த ஒரு மூலையை விட்டு நகரவில்லை.