மரம் மாம் ஆன கதை

மறுபடியும் 502 பிழை. வெள்ளைப் பக்கம், நடுவில் மூன்று இலக்கம். ஊர் கூடி நடத்தும் மின்னூலகம் என்று மார்தட்டுகிறோமே, அதன் லட்சணம் இது.

நேற்று ராத்திரி ஒரே ஒரு பக்கம் மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. றா, னா எல்லாம் சுருண்டு கிடக்கும். லை, ணை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் அதைப் பார்த்து மிரண்டு வாய்க்கு வந்ததைத் துப்பியிருந்தது. ரகரம் எல்லாம் துணைக்கால். மரம் அத்தனையும் 'மாம்'. மாநிழல் இல்லை, மாங்காய் இல்லை, வெறும் மாம்! ஒவ்வொன்றாகத் திருத்தினேன். நாற்பது நிமிடம். 'சேமி'யை அழுத்தினேன். சுற்றியது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சுற்றியது. எலியைத் தொட்டால் கோபித்துக்கொள்ளுமோ என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சுற்றியது, சுற்றியது, 502. பின்னால் போய்ப் பார்த்தால் என் திருத்தம் ஒன்றுகூட இல்லை. மாம் மட்டும் பத்திரமாக இருந்தது.

502 என்றால் என்ன? திண்ணையில் இருக்கும் சர்வர், 'உள்ளே கேட்டேன், ஒழுங்கான பதில் வரலீங்க' என்கிறது. 504 என்றால் கேட்டுவிட்டுக் காத்திருந்து அலுத்துப்போயிற்று. 503தான் யோக்கியன்: இப்போது முடியாது, போய்விட்டு வா.

குழுவில் கேட்டால், "எல்லாரும் தன்னார்வலர்கள்தானே சார், பொறுத்துக்கங்க." நான் மட்டும் என்ன சம்பளத்துக்கா வருகிறேன்? இன்னொருவர், "எனக்கு நல்லா வருதே, உங்க நெட்டைப் பாருங்க." இவரை எல்லாக் குழுவிலும் ஒருவர் வீதம் யார் நியமிக்கிறார்கள்?

கடைசியில் விஷயம் வெளியே வந்தது. ஏஐக்குத் தீனி தேடும் பாட்கள், அதாவது தானாக ஓடும் நிரல்கள், பக்கம் பக்கமாக அள்ளுகின்றனவாம். பாட்கள் எங்கே வரலாம், வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் 'வராதே' என்று எழுதியிருக்கிறதே என்றால், அது 1994இலிருந்து வாசலில் ஒட்டிவைக்கும் வெறும் காகிதம். பூட்டு இல்லை. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவே 2025 ஏப்ரலில் புலம்பியது, படம், வீடியோ இறக்கத்துக்கான பேண்ட்வித் 2024 ஜனவரியிலிருந்து 50 சதவீதம் கூடிவிட்டது என்று. யாரோ கைக்காசு போட்டு வாடகைக்கு எடுத்த ஒற்றைச் சர்வர் எந்த மூலைக்கு?

திருத்த வந்தவனுக்கு 502, திருட வந்தவனுக்கு முழுப் புத்தகம். சரி, அள்ளட்டும். திருத்தாத பக்கத்தைத்தானே அள்ளுகிறான்! நாளைக்கு அந்த ஏஐயிடம் ஆலமரம் பற்றிக் கேளுங்கள், 'ஆலமாம்' என்று கட்டுரை எழுதும். நினைத்துச் சிரித்ததில் பாதித் தூக்கம் போய்விட்டது.

மீதித் தூக்கத்தைக் கீழ்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். விடியற்காலை நாலு மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு மனுஷன் போய்ப் படுத்துக்கொள்கிறார். தொட்டி நிரம்பி என் ஜன்னலில் அருவி கொட்டுகிறது ஐயா!