கேட்காமல் செய்யும் மாற்றம்

"எங்க ஆளுங்க எதையும் மாத்த விடமாட்டாங்க, பழக்கதோஷம்." ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கத்து இறால் கம்பெனிகளில் மேலே இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் பேச்சு இது. அங்கே கூலிக் கணக்கு எழுதுகிற என்னால் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தக் கரையில் விசைப்படகுக்காரர்களுக்கு ஜிபிஎஸ்ஸை யாராவது கெஞ்சியா கொடுத்தார்கள்? பிரயோசனம் தெரிந்தது, மாட்டிக்கொண்டார்கள். அதே வீட்டுப் பெண்கள்தான் கம்பெனிக்கு உரிக்க வருகிறார்கள்.

அவர்கள் கையைப் பார்க்க வேண்டும். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, குடலை உருவி, ஒரு இறால் தட்டில் விழும்போதே அடுத்தது கையில் இருக்கும். திடீரென்று ஒருநாள் "வாலோட வேணும்" என்று ஆர்டர் வருகிறது. கடைசிக் கணுவில் கை நிற்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் வால் பிய்ந்துவிடும், அந்த இறால் கழிவுக் கணக்கில் போய்விடும். வேகம் படுத்துவிடுகிறது. கூலி மட்டும் கிலோவுக்கு அதே பழைய ரேட். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை வட்டிக்கு வாங்கி ஓட்டிவிட்டு வந்திருக்கும் அக்காவிடம் இதைச் சொன்னால் அவர் முறைக்காமல் என்ன செய்வார்?

அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஒரு பைஜாமா தொழிற்சாலையில் லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் செய்த ஆய்வு 1948இல் வெளிவந்தது. அங்கேயும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. வேலைமுறையில் சின்ன மாற்றம்தான். ஒரு குழுவுக்குக் கூட்டம் போட்டு, போட்டி அதிகமாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று விளக்கினார்கள். 40 நாளுக்குள் அதில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். மாற்றத்தைத் திட்டமிடுவதிலேயே எல்லோரும் கலந்துகொண்ட குழுக்களில் ஒருவர்கூடப் போகவில்லை. உற்பத்தியும் பழைய அளவைவிட சுமார் 14 சதவீதம் ஏறியது. இதில் என்னை உலுக்கியது வேறு. புது வேலை கைவரும்வரை குறையும் கூலியை அந்தத் தொழிற்சாலை ஈடுகட்டியது. அப்படியும், கேட்காமல் செய்ததால் ஆட்கள் போனார்கள். இங்கே ஈடும் கிடையாது, கேள்வியும் கிடையாது. அப்புறம் பழக்கதோஷம் என்று அவர்கள் தலையிலேயே பழியைப் போடுகிறோம்.

வாலோடு வேண்டுமா, சரி. கை பழகும்வரை அவரவர் வழக்கமாக எடுக்கும் கூலி குறையாமல் கொடுங்கள். மேசை உயரம், ஐஸ் எங்கே இருக்க வேண்டும், கிலோவுக்கு என்ன ரேட் என்பதையெல்லாம் வருடக்கணக்கில் உரித்த பெண்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ரேட்டை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுக் கூட்டம் போடாதீர்கள்.